மார்பக மறுசீரமைப்பு அறுவைக்குப் பின் வீட்டில் கழியும் மாதங்கள்

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றப்பட்டு, அதே அறுவையிலோ சில மாதங்கள் கழித்தோ புதிய மார்பகம் அமைத்துக்கொண்ட பெண், மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் பெரும்பாலும் பாதுகாப்பாகவே இருக்கிறாள். காயத்தைப் பார்க்கவும், மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கவும், கட்டிலிலிருந்து எழுப்பி நடக்கவைக்கவும் அங்கே ஆள் உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு எழும் கேள்விகள் வேறு வகையானவை. குடத்தைத் தூக்கலாமா, பாயில் படுக்கலாமா, தாலிச் செயினை எப்போது அணியலாம், கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் நின்றுகொண்டு போகலாமா என்பவற்றுக்கெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டில் விடை இருப்பதில்லை. இந்த அறுவையைச் செய்துகொண்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கூட்டுக் குடும்பத்துக்குள் உடல் தேறியவள் என்ற முறையில், நான் கற்றுக்கொண்ட விடைகளை எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் இதற்கு மாறாக ஏதேனும் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள். உங்கள் உடலுக்குள் எது எங்கே தைக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தவர் அவர்.

முதல் வேலையாக, உங்களுக்கு நடந்த அறுவை எந்த வகை என்பதைக் கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குச் சிலிக்கான் இம்பிளான்ட் என்ற செயற்கை மார்பை உள்ளே வைக்கிறார்கள். சிலருக்கு முதலில் எக்ஸ்பாண்டர் என்ற பையை வைத்து, ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி வழியாக உப்புநீர் ஏற்றித் தோலை மெல்ல விரித்து, பிறகு அதை எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைக்கிறார்கள். வேறு சிலருக்கு அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் எடுத்து, இரத்தக் குழாய்களை நுண்ணோக்கியின் உதவியோடு மார்பில் இணைக்கிறார்கள். அல்லது முதுகுத் தசையை அக்குள் வழியாக முன்னே கொண்டுவருகிறார்கள். உடலின் ஓரிடத்திலிருந்து எடுத்துவைக்கும் இந்தத் திசுவை மருத்துவர்கள் ஃபிளாப் என்பார்கள். இம்பிளான்ட் வைத்தவருக்கு ஒரு காயம். ஃபிளாப் வைத்தவருக்கு மார்பில் ஒன்று, திசுவை எடுத்த இடத்தில் ஒன்று என இரண்டு காயம். முன்னவர் பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்பலாம். பின்னவருக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். பக்கத்து வீட்டுப் பெண் இருபதாம் நாளில் அலுவலகம் போனாள் என்ற கதையைக் கேட்டு உங்களை அளந்துகொள்ள வேண்டாம்.

எக்ஸ்பாண்டர் வைத்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அவற்றில் பலவற்றின் உள்ளே காந்தம் இருக்கிறது. ஆகவே வேறு எந்த நோய்க்காக எங்கே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும். இம்பிளான்ட் வைத்தவருக்கு அதன் அளவும் எண்ணும் அச்சிட்ட ஓர் அட்டை தருவார்கள். அதைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டை மாற்றி அமைத்தல்

அறுவைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் சில மாற்றங்களைச் செய்துவிடுவது நல்லது. பாயில் படுக்கும் பழக்கம் உள்ளவர் கட்டிலுக்கு மாற வேண்டும். தரையிலிருந்து எழும்போது கைகளை ஊன்றி உடலைத் தூக்குகிறோம், அந்த இழுப்பு நேரே மார்புத் தையலுக்குப் போகிறது. முதுகை உயர்த்திச் சாய்ந்தபடி, மல்லாந்துதான் நான்கு முதல் ஆறு வாரங்கள் உறங்க வேண்டும். அடிவயிற்றிலிருந்து திசு எடுத்திருந்தால் முழங்காலுக்கு அடியிலும் ஒரு தலையணை வைத்தால்தான் வயிற்றுத் தையல் தளர்ந்திருக்கும். அவர்கள் முதல் ஒன்றிரண்டு வாரங்கள் சற்றுக் கூனியே நடப்பார்கள். நிமிர்ந்து நட என்று யாரும் வற்புறுத்த வேண்டாம், தோல் தளரத் தளர முதுகு தானாக நிமிரும்.

இந்திய முறைக் கழிப்பறை மட்டுமே உள்ள வீடாக இருந்தால், நடுவில் துளையிட்ட கம்மோடு நாற்காலி ஒன்றை வாங்கியோ வாடகைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இடுப்புக்கு இடுப்பு தையல் இருக்கும்போது குந்தி உட்காரவும் எழவும் முடியாது. வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால், முக்குவதும் சேர்ந்துகொண்டால் தையலுக்குக் கேடு. தண்ணீர், கீரை, வாழைத்தண்டு ஆகியவற்றோடு, தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மலமிளக்கியையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு சிறு தலையணையைக் காயத்தின் மீது அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்றாடம் வேண்டிய பொருள்கள் எல்லாவற்றையும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இறக்கி வையுங்கள். பரணிலும் மேல் அலமாரியிலும் இருக்கும் டப்பாக்களை எட்டி எடுப்பதுதான் நம் சமையலறைகளில் அடிக்கடி நேரும் தவறு. கை தன் பழக்கத்தில் மேலே போய்விடும். போன பிறகுதான் வலி தெரியும்.

வடிகுழாயைப் பார்த்துக்கொள்ளுதல்

செவிலியர்கள் டிரெயின் என்று சொல்லும் வடிகுழாயோடுதான் பெரும்பாலானோர் வீடு திரும்புகிறார்கள். தோலுக்கடியில் சேரும் நீரை வெளியேற்றும் மெல்லிய குழாயும், அதன் முனையில் அமுக்கி மூடிய ஒரு பிளாஸ்டிக் குமிழும் சேர்ந்ததே அது. நாள்தோறும் காலையும் மாலையும் ஒரே நேரத்தில், சோப்பால் கை கழுவியபின் குமிழைத் திறந்து நீரை அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு குமிழை நன்றாக நசுக்கி, நசுங்கிய நிலையிலேயே மூடியைப் பூட்ட வேண்டும். காற்றுப் புகுந்து உப்பியிருக்கும் குமிழ் எதையும் உறிஞ்சாது. குழாயில் இரத்தக் கட்டி அடைத்திருந்தால், தோலருகே ஒரு கையால் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையின் விரல்களால் குமிழை நோக்கி மெல்ல வழித்துவிடுங்கள். முதலில் சிவப்பாக இருக்கும் நீர் நாளடைவில் இளஞ்சிவப்பாகி, பின் வைக்கோல் நிறத்துக்கு மாறும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்கும் குறைவாக, தொடர்ந்து இரண்டு நாட்கள் வந்தால் பொதுவாகக் குழாயை எடுத்துவிடுவார்கள். அதற்கு ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். அந்த நோட்டுத்தான் நீங்கள் மருத்துவருக்குத் தரும் சான்று. "கொஞ்சமாத்தான் வருது" என்ற வாய்ச்சொல்லைக் கொண்டு யாரும் முடிவெடுக்க முடியாது.

குமிழைத் தொங்க விடாமல் எங்கே வைப்பது என்பது சின்னச் சிக்கல் போலத் தோன்றினாலும், நாள் முழுதும் படுத்தும். என் அத்தை தம்முடைய பழைய சுருக்குப்பையைத் துவைத்துக் காயவைத்து, நாடாவை நீளமாக்கி, கழுத்தில் மாட்டிவிட்டார். குமிழ் அதற்குள் அடங்கி நைட்டிக்குள் மறைந்தது. குழாய் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி இழுபடுவதும் நின்றது. எந்தக் கடையிலும் இதைவிடப் பொருத்தமான பையை நான் பார்க்கவில்லை.

குழாயை எடுத்த பிறகும் உள்ளே நீர் சேர்ந்து, தண்ணீர்ப் பை போலத் தளும்பலாம். அதை மருத்துவர் ஊசியால் எடுத்துவிடுவார். வீட்டில் அமுக்கியோ, மேலே பற்றுப் போட்டோ கரைக்க முயல வேண்டாம்.

குளியல், உடை, தாலி

குழாய் இருக்கும்வரை பெரும்பாலும் துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வதுதான். மருத்துவர் அனுமதித்த பின் நாற்காலியில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான நீரைத் தோளுக்குக் கீழே மெதுவாக ஊற்றிக்கொள்ளலாம். வாளியிலிருந்து சொம்பைத் தலைக்கு மேல் உயர்த்தும் வேலையை அறுவை நடந்த பக்கக் கைக்குக் கொடுக்கக் கூடாது. தலைக்கு இன்னொருவர்தான் ஊற்றிவிட வேண்டும். எண்ணெய்க் குளியல், மஞ்சள் பூசுதல், கடலிலோ குளத்திலோ இறங்குதல் ஆகியவை காயம் முழுவதும் ஆறும்வரை வேண்டாம். தையல் மீது மஞ்சள் அரைத்துப் போடும் வழக்கத்தை அன்போடு மறுத்துவிடுங்கள்.

முன்புறம் திறக்கும் நைட்டியும், முன் கொக்கி வைத்த மென்மையான பருத்தி உள்ளாடையும் போதும். அடியில் கம்பி வைத்த பிராவை ஆறு வாரங்களுக்காவது, மருத்துவர் சொல்லும்வரை, தொடக்கூடாது. வயிற்றில் பெல்ட் போடும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், அதன் அடியில் மெல்லிய பருத்தி பனியனை அணிந்துகொள்ளுங்கள். கத்திரி வெயிலில் கடற்கரை ஊரின் புழுக்கமும் சேர்ந்து பெல்ட்டுக்கு அடியில் வேர்க்குருவும் படையும் கிளம்பிவிடும். பாவாடை நாடா அடிவயிற்றுத் தையலுக்கு மேலேயோ அதன் மீதேயோ இறுக்குவதால், மூன்று மாதம்வரை எலாஸ்டிக் வைத்த பாவாடையே நல்லது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஊக்கைப் பற்றி. மறுசீரமைத்த மார்பில் தொடு உணர்வு பெரும்பாலும் இராது. ஓரிரு ஆண்டுகளில் ஓரளவு திரும்பலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். நம் பெண்கள் தாலிச் செயினில் நான்கைந்து ஊக்குகளைக் கோத்து வைத்திருக்கிறார்கள். முந்தானையை ரவிக்கையோடு சேர்த்தும் குத்துகிறார்கள். உணர்வில்லாத தோலில் ஊக்கு திறந்து குத்தினால் தெரியவே தெரியாது, துணியில் இரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் தெரியும். இம்பிளான்ட் வைத்தவருக்கு அந்தச் சிறு துளை கிருமி நுழையும் வாசலாகிவிடலாம். ஊக்குகளைச் செயினிலிருந்து கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள், அது தையலில் உராயாதபடி மறுபக்கத் தோளோரம் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். நனைந்து அழுக்கேறும் மஞ்சள் கயிற்றைக் காயத்தருகே தொங்க விட வேண்டாம்.

இதே காரணத்தால் ஒத்தடமும் கூடாது. வலி என்றதும் வெந்நீர்ப் பையையோ, தவிட்டை வறுத்துக் கட்டிய முடிச்சையோ கொண்டுவரும் வீடுகள் நம்முடையவை. உணர்வில்லாத மார்பிலும் வயிற்றிலும் அது கொப்பளத்தை உண்டாக்கும்வரை சூடு தெரியாது. ஐஸ் ஒத்தடத்துக்கும் இதே தடைதான். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெயையும், குக்கர் ஆவியையும் மனத்தில் வைத்து அடுப்பிலிருந்து ஓரடி தள்ளி நில்லுங்கள்.

மூன்றாம் வாரம்

என் அனுபவத்தில் மிக ஆபத்தான காலம் மூன்றாம் வாரம்தான். குழாய் போயிருக்கும், கட்டு சிறிதாகியிருக்கும், முகத்தில் தெளிவு வந்திருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு நோயாளி எழுந்துவிட்டாள். "என்னம்மா, மூணு வாரம் ஆச்சே, ஏதாவது கைவேலை பார்த்தாத்தானே உடம்புல தெம்பு வரும்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். நானும் அந்த அன்புக்கு இணங்கி, ஒருநாள் காலையில் இட்லி மாவு நிறைந்த எவர்சில்வர் தூக்கைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டிலிருந்து இறக்கினேன். அன்று மாலையே மார்பின் ஓரம் வீங்கியது. இரண்டு முறை ஊசியால் நீர் எடுக்க வேண்டி வந்தது. தோல் மேலே ஒட்டிக்கொண்டாலும் அடியில் உள்ள திசு அப்போதுதான் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதல் ஆறு வாரங்களுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. நிறைந்த பிளாஸ்டிக் குடம் பத்துக் கிலோவைத் தாண்டும். எரிவாயு உருளையில் உள்ள எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, உருளையின் எடை தனி. அதை உருட்டுவதும் நகர்த்துவதும் கூடத் தூக்குவதற்குச் சமம். கைக்குழந்தையைத் தூக்க முடியாததுதான் பல தாய்மார்களுக்குத் தாங்க முடியாத தடை. நீங்கள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்த பின், வேறொருவர் குழந்தையை மறுபக்கம் கொண்டுவந்து விடட்டும். குனிந்து கோலம் போடுதல், துணி பிழிதல், வீடு பெருக்குதல், மாவு பிசைதல், தேங்காய் துருவுதல் எல்லாம் ஆறு வாரம் கழித்து ஒன்றொன்றாகத் திரும்பட்டும். வீட்டாரிடம் இதை நீங்களே சொல்வது கடினமாக இருந்தால், அடுத்த பரிசோதனைக்கு மாமியாரையோ கணவரையோ உடன் அழைத்துச் சென்று மருத்துவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். என் வீட்டில் அது ஒரே நாளில் பலித்தது.

அதற்காகக் கட்டிலிலேயே கிடக்கவும் கூடாது. கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையாமல் இருக்க, முதல் நாளிலிருந்தே சிறுசிறு நடை வேண்டும். புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை மாலையில் வாகனங்களுக்கு மூடிவிடுவதால், மேடு பள்ளம் இல்லாத அந்த நடைபாதை தேறி வருபவருக்கு ஏற்றது. கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் மணலில் இறங்காமல் கெட்டித் தரையிலேயே நடப்பது நல்லது. மணலில் கால் புதையும்போது வயிறு இழுபடும். மாசி மகம் போன்ற கூட்ட நாட்களில் இரண்டு இடமும் வேண்டாம். ஒரே ஒரு முழங்கை இடி போதும், பல வார உழைப்பு வீணாகிவிடும்.

கையை மீட்டல்

விரல்களை மூடித் திறத்தல், முழங்கையை மடக்கி நீட்டல், தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துத் தளர்த்தல், ஆழ்ந்து மூச்சிழுத்தல் ஆகியவற்றை முதல் நாட்களிலேயே தொடங்கச் சொல்வார்கள். குழாய் இருக்கும்வரை கையைத் தோள் உயரத்துக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. பின்னர் மருத்துவர் அனுமதித்ததும், சுவரை நோக்கி நின்று விரல்களால் சுவரில் மெல்ல ஏறிச் செல்லும் பயிற்சியைச் செய்யுங்கள். சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால், நாளுக்கு ஒரு விரற்கடை உயர்வதைக் கண்ணால் பார்க்கலாம். இழுப்பு தெரியும் அளவுக்குப் போங்கள், வலிக்கும் அளவுக்குப் போக வேண்டாம். பயந்து கையை மடக்கியே வைத்திருப்பவருக்குத் தோள் இறுகிவிடும். அதன் பிறகு தலை பின்னுவதும் ரவிக்கை போடுவதும் மாதக்கணக்கில் துன்பமாகும். கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள் அது முடிந்த பின்னும் நெடுநாள் இந்தப் பயிற்சியை விடக்கூடாது.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் அந்தக் கை ஆண்டுகள் கழித்தும் வீங்கக்கூடும். மீன் ஆயும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கையுறை அணியுங்கள். கொசுக்கடியைச் சொறியாதீர்கள். வளையலோ மோதிரமோ திடீரென இறுகினால் அதுவே முதல் அடையாளம்; உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

உணவும் பத்தியமும்

காயம் ஆறப் புரதம் வேண்டும். நம் ஊர்களில் அறுவை என்றதும் முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாவற்றையும் நிறுத்தி, "சீழ் பிடிக்கும்" என்று ரசஞ்சோற்றோடு விட்டுவிடுகிறார்கள். இந்தப் பத்தியம் காயத்தைப் பட்டினி போடுகிறது. சீழ் பிடிப்பது கிருமியால், பருப்பால் அல்ல. கடலூர்த் துறைமுகத்துக்கு வரும் மத்தியும் சங்கராவும் குழம்பில் வேகட்டும். சைவர்களுக்குப் பருப்பு, சுண்டல், தயிர், பால் இருக்கின்றன. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பது மருந்துக்கு நிகரானது. புகையிலை எந்த வடிவிலும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி ஃபிளாப்பின் உயிரையே பறிக்கக்கூடும். வீட்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர் தெருவுக்குப் போய்விடட்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் மாத்திரையை அறுவைக்காக நிறுத்தியிருந்தால், என்று மீண்டும் தொடங்குவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பயணமும் மழைக்காலமும்

கடலூரிலிருந்தும் அதைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் பலர் கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கோ புதுச்சேரியின் பிற மருத்துவமனைகளுக்கோதான் பரிசோதனைக்குப் போகிறார்கள். தொலைவு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊருக்கு ஊர் வண்டி நின்று நின்று போகும். மேல்கம்பியைப் பிடித்து நிற்கும் பயணம் முதல் இரண்டு மாதங்களுக்கு ஆகாது. உட்கார இடம் கிடைக்கும் நேரத்தைப் பார்த்து ஏறுங்கள், மார்புக்கு முன்னே ஒரு தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். காரில் போனால் சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் இடையே அதே தலையணையை வையுங்கள். ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு ஆறு வாரமாவது பொறுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர்வரை, அறுவை நடந்திருந்தால் கூடுதல் முன்னேற்பாடு தேவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. இரண்டின் போதும் சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. இரண்டு வாரத்துக்கான மாத்திரை, கட்டுத்துணி, காய்ச்சிய குடிநீர், பேட்டரி விளக்கு ஆகியவை வீட்டில் இருக்க வேண்டும். தாழ்வான பகுதியில் வீடு இருந்தால், புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேட்டில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஆறாத காயத்தோடு வெள்ளநீரில் இறங்கக் கூடாது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரங்கள்

காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, காயத்தைச் சுற்றிச் சிவந்து சூடேறினாலோ, துர்நாற்றமோ சீழோ வந்தாலோ அன்றே போங்கள். ஃபிளாப் நீலம் பாய்ந்தாலும், வெளிறினாலும், தொட்டால் குளிர்ந்திருந்தாலும் அது மணிக்கணக்கில் கைவிட்டுப் போகும் விஷயம். காலைவரை காத்திருக்க வேண்டாம். ஒரு பக்க மார்பு திடீரெனப் பெருத்துக் கடினமாவதும், வடிகுழாயில் செக்கச்செவேலென இரத்தம் நிறைவதும் அவ்வாறே. ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

ஆறு வாரத்துக்குப் பிறகு

தையல் முழுவதும் ஆறி, பொருக்கு உதிர்ந்த பின், மருத்துவரைக் கேட்டுத் தழும்பைச் சிறிது எண்ணெயோடு விரல் நுனியால் அழுத்தி நீவத் தொடங்கலாம். நம் நிறத் தோலில் தழும்பு தடித்து எழும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால், சிலிக்கான் ஜெல்லோ பட்டையோ பலருக்குத் தருகிறார்கள். தழும்பு வெளுத்து மென்மையாக ஓராண்டுக்கு மேல் ஆகும். ஃபிளாப்பில் சிறு கட்டி தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் இறுகிப்போன கொழுப்பாக இருக்கும். என்றாலும் நீங்களாக முடிவு செய்யாமல் காட்டிவிடுங்கள். இன்னொரு மார்பகத்துக்கான மாமோகிராம் என்ற எக்ஸ்ரே பரிசோதனையை மருத்துவர் சொன்ன கால இடைவெளியில் தவறாமல் எடுங்கள். தாம்பத்தியத்துக்குத் தடை இல்லை, காயம் ஆறியபின் மார்பின் மீதும் வயிற்றின் மீதும் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். இதைக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் பெண் செவிலியரிடம் கேளுங்கள்.

இரண்டு மார்பும் முதலில் ஒன்றுபோல இருக்காது. வீக்கம் வடிந்து வடிவம் நிலைக்க ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். காம்பு அமைத்தலும், மறுபக்கத்தைச் சமன்படுத்தலும் அதன் பிறகே. ஆகவே புது ரவிக்கைக்கு இப்போது அளவு கொடுக்காதீர்கள். அதுவரை பழைய ரவிக்கையின் அறுவை நடந்த பக்கத் தையலைப் பிரித்து, அக்குளடியில் மென்மையான பருத்தித் துண்டு ஒன்றை ஒட்டுப்போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழுத்தை முன்புறம் சற்று ஏற்றி, முன் கொக்கி வைத்து, உள்ளே துணி மடிப்பு தழும்பில் படாதபடி தைக்கச் சொன்னால், எங்கள் தெருத் தையற்காரப் பெண் செய்து தந்ததுபோல எந்தத் தையற்காரரும் செய்து தருவார்.